ஒரு படி குறைந்த ஏணி

ஏணி வாங்கப் போன அன்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. பாதி என் கணவர் மீது, பாதி என் மீது.

உடுவிலில் எங்கள் சமையலறைக்குப் பக்கத்து அறையில் ஒரு சின்னப் பரண் இருக்கிறது. அடுத்த போகத்துக்கான விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி அங்கேதான் தொங்கவிடுவோம். அதோடு வேலை முடிந்துவிடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஏறி, ஒவ்வொரு பிடியையும் தொட்டு, மூக்கால் மணந்து பார்த்து, அழுகத் தொடங்கியதைக் கழிக்க வேண்டும். ஒன்றை விட்டால் பக்கத்தில் உள்ளதும் போய்விடும். கல்யாணம் கட்டி வந்த நாள் முதல் அது என் வேலை. பழைய மர ஏணியைக் கறையான் தின்றுவிட்டதால் புதிது வாங்கப் போனோம்.

கடையில் ஓர் அலுமினிய ஏணியைக் கண்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு கையால் தூக்கலாம். படிகள் அகலமாக, கிட்டக் கிட்ட இருந்தன. என் வலது முழங்கால் சரியாக மடங்காது. அதற்கென்றே செய்தது மாதிரி இருந்தது. இவர் குனிந்து ஒவ்வொரு படியாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார். "லாபம், நட்டம், லாபம், நட்டம்..." எட்டுப் படி. நட்டத்தில் முடிந்தது.

வாசற்படிக்கு எண்ணுவார்கள், மாடிப்படிக்கு எண்ணுவார்கள். பரணில் சாத்துகிற ஏணிக்கு யாராவது எண்ணுவார்களா? ஒன்பது படி ஏணி எங்கள் அறைக்குள் நிமிராது. "அப்ப கீழ்ப்படியைக் கழட்டி விடுவம்" என்றார். கடைக்காரரும் தலையாட்டினார்.

"அதைக் கழட்டினால் நான் எப்பிடிக் கால் வைக்கிறது?"

"உமக்கு உதெல்லாம் விளங்காது. விதை கிடக்கிற இடம். நட்டத்திலை முடியக் கூடாது."

பிற மனிதருக்கு முன்னால் புருசனோடு சண்டை பிடிக்கக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். பெரிய மரியாதைதான்!

வீட்டுக்கு வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருதரம் ஏறி இறங்கி, "நல்ல ஏணி" என்றார். எனக்கோ முதற்படி முழங்காலுக்கு மேலே நின்றது. மூன்று தரம் முயன்றேன். மூன்றாம் தரம் கால் வழுக்கி நிலத்தில் குந்திவிட்டேன். பிறகு அவர்தான் ஏறினார். ஏறுவது என்ன, தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் வடிவாக் கிடக்குது" என்று இறங்குவார். தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால், "எனக்கென்ன, கண் தெரியாதே?" என்பார்.

இரண்டு கிழமையில் நாற்றம் சமையலறைக்கு வந்துவிட்டது.

கழற்றிய படியைத் தேடினேன். கிணற்றுக்கட்டில் சவர்க்காரம் வைக்கப் போட்டிருந்தார்! எனக்கு உச்சி கொதித்தது. சவர்க்காரத்தைத் தட்டிவிட்டு, படியையும் ஏணியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

கடைக்காரர் படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "அக்கா, ஐயாவை ஒருக்காக் கேட்டிட்டுப் பூட்டுவமோ?"

"தம்பி, ஏறுறது என்ரை கால். அதைக் கேட்டாச்சு. நீர் பூட்டும்."

பூட்டினார்.

வீட்டில் பனையோலைக் கடகத்தோடு பரணுக்கு ஏறினேன். எட்டுப் படியும் முழங்காலை நோகடிக்காமல் ஏற்றிவிட்டன. முதல் வெங்காயப் பிடியில் கை வைத்தேன். விரல் உள்ளே போனது. பக்கத்துப் பிடியும் அப்படியே. பாதிக்கு மேல் கூழாகிவிட்டது. ஒரு போகத்து விதை. அழுகை வந்தது; ஆத்திரத்தில் வந்த அழுகை.

கீழே இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன மாதிரி?" என்று கேட்டார்.

அழுகியதைக் கடகம் நிறைய அள்ளி இறக்கினேன். சாறு அவர் கையில் வழிந்தது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

"இஞ்சை பாத்துப் பிடியுங்கோ" என்றேன். "இன்னும் கிடக்கு."