அக்கா எடுத்த ஆறு பாடங்கள்

வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். காலையில் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்து உதறி, மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். மதியம் அங்கிருந்து நேராகக் கல்லூரி. பேனாவைப் பிடிக்கும்போது விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது.

கல்லூரி என்றால் பள்ளிக்கூடம் மாதிரிதான், கட்டடம்தான் கொஞ்சம் பெரிது என்று நினைத்திருந்தாள். ஆசிரியர் சொல்வார், எழுதிக்கொள்ளலாம், பரீட்சைக்கு முன்னால் உருப்போட்டால் போதும். உருப்போடுவதில் அவள் கெட்டிக்காரி. சேருகிற அன்று எத்தனை பாடம் என்று கேட்டார்கள். வரிசையில் முன்னால் நின்றவன் ஆறு என்றான். அவளும் ஆறு என்றாள்.

இரண்டாம் வாரம் புள்ளியியல் ஆசிரியர் வந்தார். "முதல் ரெண்டு அத்தியாயம் படிச்சிட்டு வந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு மூன்றாவதை ஆரம்பித்தார். அக்காவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது.

"எப்பம்மா படிக்கச் சொன்னாரு?" என்று பக்கத்துப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள்.

"யாரும் சொல்ல மாட்டாங்கக்கா. நாமளே படிச்சிட்டு வரணும். வகுப்புல சொல்றது கொஞ்சம்தான்."

படிக்காமல் வந்தால் யாரும் திட்டவில்லை. வராமல் போனாலும் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு பஸ்ஸில் படித்தாள். அடுப்படியில் படித்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் பாத்திரம் கழுவுவதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மூன்று நாளில் இரண்டு கோப்பைகளை உடைத்தார். மகள் தன் வீட்டுப்பாடத்தை அப்பாவிடம் கொண்டுபோகப் பழகிக்கொண்டாள். வேலை இடைவேளையில் துணி வண்டியில் சாய்ந்தபடி அக்கா புத்தகத்தை விரித்தால், கூட மடிப்பவள் சும்மா இருக்க மாட்டாள்.

"நீ படிக்கிற மாதிரியே தெரியலடி. புத்தகத்துக்குக் காவல் இருக்கிற மாதிரி இருக்கு."

சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

புள்ளியியலின் முதல் தேர்வில் ஓர் அட்டவணையைக் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டிருந்தார்கள். விளக்கங்களை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டுப் போயிருந்தாள். அதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. தெரிந்ததை எல்லாம் எழுதிவைத்தாள். திரும்பி வந்த தாளில், 'விளக்கம் சரி. அட்டவணையைப் பார்த்தீர்களா?' என்று சிவப்பு மையில் இருந்தது.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. புள்ளியியல் வகுப்பில், ஜன்னலோரமாக, கன்னத்தில் கை வைத்தபடி தூங்கிப்போனாள். விழித்தபோது பலகையில் மண்ணின் அடுக்குகளைப் படமாக வரைந்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் தெரியாத முகங்கள். அவளுடைய வகுப்பு முடிந்து, எல்லோரும் போய், அடுத்த வகுப்பு பாதி நடந்துவிட்டது. எழுந்து போகலாமென்றால் வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் களிமண்ணைப் பற்றிக் குறிப்பெடுப்பது போல் பேனாவை அசைத்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பேராசிரியை அவள் பக்கம் வந்தார்.

"நீங்க நம்ம வகுப்பு இல்லையே?"

"இல்ல மேடம். தூங்கிட்டேன். மன்னிச்சிடுங்க."

"நான் வரும்போதே தூங்கிட்டுத்தான் இருந்தீங்க. எழுப்ப மனசு வரல. வேலைக்கும் போறீங்களா?"

"ஆமா மேடம்."

"எத்தனை பாடம்?"

"ஆறு."

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "ஆறு எடுக்கணும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாரும் எடுத்தாங்க."

"வகுப்புல ஒரு மணி நேரம்னா வீட்டுல ரெண்டு மணி நேரம் வேணும். வேலைக்கும் போய்ட்டு ஆறு பாடம்னா யாராலயும் முடியாது. ரெண்டை விட்டுடுங்க. இந்த வாரம் வரைக்கும் விடலாம். மெதுவா முடிச்சாலும் பட்டம் பட்டம்தான்."

விடலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. படிக்கட்டில் இறங்கும்போது அழுகை வந்தது. அவமானமா, நிம்மதியா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை; அலுவலகத்தை மூடுவதற்குள் போய்ச் சொல்ல வேண்டும்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப எப்ப முடியும்?"

"லேட்டாகும். ரெண்டு வருஷம் கூடப் போகலாம்."

"சரி. அதுக்குள்ள எனக்குப் பாத்திரம் கழுவ வந்துடும்."

நான்கு பாடங்களும் இலேசாக இருக்கவில்லை. தூக்கம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். அட்டவணையைப் பார்த்து யோசிக்கப் பழகுவதற்குள் பருவமே முடிந்துவிட்டது. மூன்றில் தேறினாள். புள்ளியியல் கைவிட்டுப் போனது. முடிவு தெரிந்த அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பு பூராவும் அசதிதான் இருந்தது.

அடுத்த பருவத்துக்கு மூன்று பாடம் மட்டும் போதும் என்றாள். அதில் ஒன்று புள்ளியியல். முதல் வகுப்புக்குப் போவதற்கு முன்பே, பஸ்ஸில் இடம் கிடைத்த ஒரு மதியத்தில், முதல் அத்தியாயத்தைத் திறந்தாள். ஒரு பக்கம் படித்தாள். பாதிதான் புரிந்தது. திரும்பவும் மேலிருந்து படித்தாள்.