மூன்றாம் மாடிக்குக் கேட்ட நம்பர்

முத்துமாரிக்குக் கோபம் வந்தால் முதலில் முந்தானையை இடுப்பில் செருகுவாள். செம்பூரில் அந்தக் கட்டடத்தின் கேட்டில் நின்று அதைத்தான் செய்தாள்.

தாராவிக்காரி. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிடுவது தொழில். முறையாகப் பயிற்சி எடுத்தவள். முன்பெல்லாம் ஒரு வீட்டார் சொல்லி இன்னொரு வீட்டில் வேலை கிடைக்கும். பிறகு எல்லாரும் ஆப்பில் ஆள் தேட ஆரம்பித்தார்கள். அவளும் சேர்ந்தாள். அதிலிருந்து அவள் நம்பர் வீட்டாருக்குத் தெரியாது, அவர்கள் நம்பர் அவளுக்குத் தெரியாது. இந்தக் கட்டடத்து மூன்றாம் மாடி விசாலாக்ஷி மாமி ஒருதரம் நம்பர் கேட்டபோதுகூட, "கம்பெனிக்குத் தெரிஞ்சா ஐடி போயிரும் மாமி" என்று மறுத்துவிட்டாள். அவ்வளவு ஒழுங்கு.

அந்த ஒழுங்குக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். மாமியின் கணவர் பஞ்சுவுக்குப் பக்கவாதம். இடுப்பில் படுக்கைப் புண் அப்போதுதான் ஆறிக்கொண்டு வந்தது. கட்டு மாற்றாமல் கிளம்ப மனமில்லாமல், ஆப் கொடுத்த அடுத்த வேலைகளைச் சில தடவை வேண்டாம் என்றாள். நாலு நாள் முன்பு கம்பெனிக்காரர்கள் அவள் ஐடியைப் பூட்டி ஆப்பிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள். வீட்டார் போட்டு இத்தனை வருஷம் சேர்ந்த நட்சத்திரமெல்லாம் உள்ளேயே போச்சு. ஹெல்ப்லைனில் ஒரு மெஷின், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுக் கட் பண்ணியது.

வீடுதான் தெரியுமே என்று நேரே வந்துவிட்டாள். இங்கே கேட்டுக்கும் ஒரு ஆப்.

"உன் பேரு இதுல இல்லக்கா. மாமி போனுக்கு மெசேஜ் போட்டேன், பாக்கல" என்றான் வாட்ச்மேன் ஜம்பு.

"மாமி என்னைக்குல போனப் பாத்திருக்காவ? சார்ஜ் போடுததே நாந்தான். இன்டர்காம் அடி."

"அதை எடுத்துட்டாங்க. இப்ப எல்லாம் ஆப்தான்."

"அப்ப நீ எதுக்குல நிக்க?"

"ஆப்புல ஓகே வந்தா கேட்டைத் திறக்க."

முத்துமாரி தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று தொண்டையைத் திறந்தாள். "மாமீ! விசாலாக்ஷி மாமீ!"

மூன்றாம் மாடி பால்கனியில் மாமி எட்டிப் பார்த்தாள். "எங்கேடி போயிட்டே? தெனம் ஒருத்தி வரா. ஒருத்திக்கும் அவரைத் திருப்பத் தெரியலை. வலியில கத்தறார்!"

"என்னையப் பூட்டிட்டாவ மாமி! நம்பர் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க!"

இவ்வளவு நாள் ஒளித்துவைத்த நம்பரை ஒவ்வொரு இலக்கமாகத் தெருவே கேட்கக் கத்தினாள். இரண்டாம் மாடியிலிருந்து வந்தனா என்ற பெண் தலையை நீட்டினாள். "ஆக்ரி, கடைசி ரெண்டு நம்பர் இன்னொரு தரம் சொல்லுங்க! எங்க மாமியாருக்கும் ஆள் வேணும்!"

"ஜம்பு, அவளை விடுடா!" என்றாள் மாமி.

"ஆப்புல ஓகே பண்ணுங்க மாமி."

"நானே வாய்விட்டுச் சொல்றேனே, அந்த ஓகே போறாதோ?"

ஜம்பு மேலே பார்த்தான், போனைப் பார்த்தான், கேட்டைத் திறந்தான்.

மேலே, கட்டு ஊறிப்போய்க் கிடந்தது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண். "கெடுத்து வச்சிருக்காளுவ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முத்துமாரி கையுறையை மாட்டினாள். அவள் போன் அடித்தது.

"வந்தனாவாத்தான் இருக்கும். எடுத்து, சாயங்காலம் வாரேன்னு சொல்லுங்க மாமி. நேரா வாரேன்னு சொல்லுங்க."