வேதியியல் பரீட்சைக்குப் போகாத நாள்

நான் ஒன்பதாவது படிக்கும்போது அம்மா பொம்மை செய்கிற பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அப்பா ஏற்கெனவே வேறொரு கம்பெனியில் சூளை வேலையில் இருந்தார். அம்மா வெளியே வேலைக்குப் போவதே அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கே ஆண்களோடு நின்று பேசுகிறாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதியான சாப்பாடு என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை.

அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்ட் இருந்தால், மறுநாள் காலையில் என்னைத்தான் கேட்பார். “நேத்து ஒங்கம்மா எத்தினி மணிக்கு வந்தா?”

“ஆறரைக்குப்பா.”

ஆறரை, ஆறே முக்கால், ஆறரை. நிஜமாக எத்தனை மணி என்பது வேறு. சந்தேகம் வராதபடி மாற்றி மாற்றிச் சொல்லப் பழகியிருந்தேன். அவர் குளிக்கப் போனதும் அம்மா வந்து, “என்னாடி கேட்டாரு? நீ என்னா சொன்ன?” என்பாள். எனக்கு நாலு வயது இளைய தங்கச்சி பாயில் படுத்தபடி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருப்பாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

பத்தாவதில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தவள் நான். பிளஸ் டூ அரையாண்டில் வேதியியலில் பெயிலானேன். பாடம் புரியாமல் இல்லை. டீச்சர் போர்டில் சமன்பாடு எழுதும்போது, நாளைக்குக் காலையில் அப்பாவிடம் என்ன சொல்வது என்று என் மனம் யோசித்துக்கொண்டிருக்கும். திரும்பிப் பார்த்தால் போர்டு நிறைந்திருக்கும். விடைத்தாளைக் கொடுத்தபோது டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, “வூட்டுல ஏதாவது பிரச்னையாம்மா?” என்றார். “ஒண்ணுமில்ல டீச்சர்” என்றேன். வீட்டு விஷயத்தை வெளியே சொன்னால் அம்மாவுக்குத்தான் அசிங்கம் என்று நினைத்தேன்.

முழுப் பரீட்சைக்கு மட்டும் வெறியோடு படித்தேன். கொளஞ்சியப்பர் கோயில் பக்கம் இருக்கும் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் சேரவேண்டும் என்று ஆசை. வேதியியல் பரீட்சை அன்று காலை, நான் பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார்.

“நேத்து எத்தினி மணிக்கு வந்தா?”

“ஆறே முக்காலுக்குப்பா.”

அப்பா என்னையே பார்த்தார். “ஒங்கம்மா எட்டு மணின்னு சொல்றா. சூளையில சரக்கு ஏத்த நேரமாயிடிச்சாம். நீ ஆறே முக்கால்ங்குற. ஆத்தாளும் மவளும் சேர்ந்து எத்தினி நாளா என்னை ஏமாத்துறீங்க?”

அம்மா அன்றைக்கு நிஜத்தைச் சொல்லியிருக்கிறாள். நான் சொன்ன பொய்யால் அவளுடைய நிஜமும் பொய்யாகிவிட்டது. “புள்ளைக்குப் பரீட்சைங்க, இப்ப வேணாங்க” என்று அம்மா கெஞ்சினாள். அவர் நிறுத்தவில்லை. அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெறுங்காலோடு இறங்கிப் போய்விட்டாள்.

சண்டை வரும்போதெல்லாம் “ரயில்ல வுழுந்து செத்துப்போறேன்” என்பாள். அன்றைக்கு அதையும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நின்றேன். பிறகு ரயில்வே ஜங்ஷனுக்குப் போனேன்.

முதலில் தண்டவாளத்தைத்தான் இரண்டு பக்கமும் பார்த்தேன். பிளாட்பாரம் முழுக்கத் தேடினேன். கடைசியில் ஒரு பெஞ்சில், கையில் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“பரீட்சைக்குப் போவலயாடி?” என்று பதறி எழுந்தாள்.

“நீ எங்கம்மா போற?”

“அரியலூருக்கு, மாமா வூட்டுக்கு. ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்னு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், நான் மூச்சிரைக்க அழுவதைப் பார்த்து நிறுத்தினாள். நான் எதற்காக ஓடிவந்தேன் என்று புரிந்துவிட்டது. “ஐயோ, என் கொலமே” என்று என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அடுத்த நிமிடமே என்னை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து வெயிலில் மிதித்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பரீட்சை தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அரை மணிக்கு மேல் தாமதமானால் உள்ளே விட முடியாது என்றார் பொறுப்பில் இருந்த சார். “எம் மேலதான் தப்பு சார், புள்ளை மேல இல்ல சார்” என்று அம்மா அவர் காலில் விழப் போனாள். அவர் பின்னால் நகர்ந்து, “என் கையில ஒண்ணும் இல்லம்மா, எழுந்திரிங்க” என்றார்.

மற்ற எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண் வந்தது. வேதியியலுக்கு நேராக மட்டும் ‘வரவில்லை’ என்று போட்டிருந்தார்கள். துணைத் தேர்வு எழுதிப் பாஸானபோது கல்லூரியில் இடமெல்லாம் நிரம்பியிருந்தது. அடுத்த வருஷம் விண்ணப்பம் வாங்கவே எனக்குத் தோன்றவில்லை. பிறகு தபால் வழியில் வரலாறு படித்தேன். இப்போது ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. வேதியியல் புத்தகத்தை அதன்பிறகு நான் தொடவில்லை.

அன்று நடந்ததை அம்மா அப்பாவிடம் சொன்னாள். என்னிடம் மணி கேட்பதை அதோடு விட்டார். தங்கச்சியிடம் கேட்க ஆரம்பித்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் பத்தாவது முடித்ததும் இனிமேல் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்றாள். அப்பா திட்டினார், அம்மா அழுதாள். இருவரும் ஒரே குரலில் பேசி நான் பார்த்தது அந்த ஒரு வாரம்தான். “நீ சொன்னா கேப்பா” என்று என்னை அனுப்பினார்கள். அவள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, நல்லாதான படிக்கிற?”

“கிளாஸ்ல உக்காந்திருந்தா வூட்டுல என்னா நடக்குதோன்னே இருக்குதுக்கா. வூட்டுலயே இருந்துட்டா அந்தப் பயமாவது இருக்காது” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் துணியை அலசிக் கொடுத்தேன். உள்ளே போய், “அவளுக்குப் படிப்புல இஷ்டம் இல்லப்பா” என்றேன்.