தலைகீழாக இருந்த டயோடு

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பேட்டரி சார்ஜர் செய்யும் கம்பெனியில் எனக்கு நேர்முகத் தேர்வு. குட்டையான சூப்பர்வைசர், எந்த சுவிட்சைத் தொடும் முன்பும் இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொள்வார். ஷாக் அடித்தாலும் ஒரு கையோடு போய்விடும், நெஞ்சு வழியாகப் பாயாதாம்.

மேசையில் திறந்து கிடந்த சார்ஜர் போர்டைக் காட்டினார். "ஏசி எப்படிம்மா டிசி ஆவுது?"

"கரண்ட் எந்தப் பக்கமா வந்தாலும் இந்த நாலு டயோடும் ஒரே பக்கமா அனுப்பிடும் சார்."

"புக்குல கீறத சொல்ற. இப்ப ஓடறதப் பாரு." இடது கை பைக்குள் போனது, வலது கை சுவிட்சுக்குப் போனது.

"போடாதீங்க சார்! ஒரு டயோடு தலைகீழா இருக்கு. ஃபியூஸ் போயிடும்."

குனிந்து பார்த்தார். "அட, ஆமா! திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அன்று ரயிலில் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தேன்; உட்காரத் தோன்றவில்லை.

அந்தத் தலைகீழ் டயோடு அவர் வைத்த சோதனையா, அவருடைய தவறா? வேலைக்குச் சேர்ந்த பின் கேட்டபோதெல்லாம் இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு சிரித்தார்.