வெளியே சாய வேண்டிய பலகைகள்

தச்சருக்கு எரிச்சல் வந்தால் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துக் கடிப்பார். அன்று அக்காவோடு பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்த பத்தே நிமிடத்தில் பாதிப் பென்சில் போய்விட்டது.

"இது மூணாவது மனு மேடம். மழை வந்தா அக்கா கட்டில் மேலயே கொட்டுது. அவளுக்கு ஏற்கெனவே இழுப்பு. ஜன்னலுக்கு மேல இருக்கிற பலகைச் சட்டத்தைக் கழட்டித் திருப்பி மாட்டணும், அவ்வளவுதான்."

"புரியுதுங்க ஐயா. ஆனா உள்பக்கம் சாய்ஞ்ச பலகைதான் உங்க குடியிருப்போட தனி அடையாளம்" என்று அதிகாரி கையேட்டைத் திறந்து படத்தைக் காட்டினாள்.

நகரத்துக்கு வெளியே ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், குமாஸ்தாக்களுக்காக ஒரே அச்சில் கட்டிய நாற்பத்திரண்டு வீடுகள் அவை. தெருப்பக்க ஜன்னல்களுக்கு மேலே, காற்று வருவதற்காகச் சாய்வாக அடுக்கிய மரப்பலகைகள். முப்பது வருடமாக அவை உளுத்தாலும் உடைந்தாலும் தச்சரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

படத்தில் இருந்தது தெருவின் தொடக்கத்தில் உள்ள முனை வீடு. தச்சர் முதன்முதலில் கை வைத்த வீடு. இழைத்தபோது சட்டத்தின் உள்முகம் கண்ணாடி போல வந்தது. தெருவில் போகிறவர்களும் பார்க்கட்டுமே என்று அதை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டினார்; வெளியே சாய்ந்திருந்த பலகைகள் உள்ளே சாய்ந்தன. அதையே மாதிரியாக வைத்து இன்னும் நாற்பது வீடுகள். மழை உள்ளே வருகிறதே என்று கேட்டவர்களுக்கு, "பழைய வீடுன்னா அப்படித்தான்" என்று அவரே ஆறுதலும் சொன்னார். போன மழையில் அக்காவின் கட்டிலை நகர்த்தியபோதுதான் அவருக்கு உறைத்தது.

"கடைசி வீட்டைப் போய்ப் பாருங்க மேடம். அதுல யாரும் கை வைக்கல. பலகை வெளியதான் சாய்ஞ்சிருக்கும்."

"பார்த்தாச்சுங்க. பிற்காலத்துல மாத்தினதுன்னு பதிவு பண்ணி, சரி பண்ணச் சொல்லி நோட்டீஸும் அனுப்பிட்டோம்."

மீதிப் பென்சிலும் நொறுங்கியது.

"சொல்லித் தொலைடா. இல்ல, நேத்து நீ என்கிட்ட ஒத்துக்கிட்டதை நான் சொல்லட்டுமா?" என்றாள் பக்கத்திலிருந்த அக்கா.

"தெருவே என்னைக் கைராசிக்காரன்னு சொல்லுது அக்கா."

"அந்த ராசிதான்டா என் கட்டில் மேல ஒழுகுது."

தச்சர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்தார். அதிகாரி அவரையும் கையேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினாள். முப்பது வருடப் பெயர் ஆறே வரியில் கரைந்தது.

"அப்ப நாப்பத்தோரு வீடும் தப்பு. எல்லாத்தையும் திருப்ப ஆள் வேணுமே?" என்றாள் அதிகாரி.

"ஆள் இங்கதான் உக்காந்திருக்கான். முதல்ல என் வீடு" என்றாள் அக்கா.

அனுமதியில் முத்திரை விழுந்தது. தச்சர் எழுந்தார்.

"ஒரு நிமிஷம் ஐயா. கடைசி வீட்டு நோட்டீஸை ரத்து பண்ணத் தனி மனு வேணும்."

தச்சரின் கை காதுக்குப் போனது. அங்கே எதுவும் இல்லை.