கண் மூடாத செல்வி

எண்பதுகளில் நல்லம்பள்ளி பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் நான் வார்டனாக இருந்தேன். ஒழுங்கு என்றால் எனக்கு உயிர். காலைச் செபத்தில் ஒரு பிள்ளை கண்ணைத் திறந்திருந்தாலும் பொறுக்காது.

புதிதாக வந்த ஏழு வயது செல்வி கண்ணை மூடவே மாட்டாள். சொல்லிப் பார்த்தேன், மிரட்டினேன், இரண்டு நாள் முட்டி போடவும் வைத்தேன். மூன்றாம் நாள் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

"கண்ண மூடுனா என்னடி ஆயிடும்?"

"தொறக்கறப்ப நீங்க யாரும் இருக்க மாட்டீங்கக்கா."

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மா, "கண்ண மூடிக்க சாமி, பன்னு வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். திரும்பி வரவேயில்லை.

அவளை முட்டி போட வைத்த அதே இடத்தில் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"நீ தொறந்தே வெச்சுக்க கண்ணு. நானும் மூடல."

அன்றிலிருந்து எல்லோரும் கண்மூடிச் செபிக்க, நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்போம். தலைமை சிஸ்டர் கவனித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

மாதங்கள் போயின. ஒரு காலையில் செல்வி என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, மெல்லக் கண்ணை மூடினாள். எனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. வெளியே போகாமல் அடக்கிக்கொண்டு நின்றேன். "ஆமென்" என்றதும் திறந்து என்னைத் தேடினாள். இருந்தேன். சிரித்தாள்.

எத்தனையோ செபம் சொல்லியிருக்கிறேன். வாயே திறக்காமல் நின்ற அந்தச் சில நிமிடங்களைப்போல் ஒன்றையும் முழு மனதோடு சொன்னதில்லை.