மெஷினம்மா வாங்கிய காற்று மெஷின்

காது கேட்கும் கருவிகளை வீடு வீடாகப் போய்ப் பொருத்துவதும், அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்து தருவதும் அவள் தொழில். வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. மெஷினம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் கணவர் அச்சகத்தில் மை கலந்து நிறம் சேர்க்கிறவராக இருந்தார். ஒரு மத்தியானம் வேலைக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் கிடையாது. துக்கத்துக்கு வந்தவர்கள் சில நாள் இருந்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வீடும் அவருடைய சாம்பல் நிறக் காரும் அவளுக்கு மிஞ்சின.

காரை ஓட்ட அவளுக்குத் தெரியும். டயருக்குக் காற்று பிடிப்பது மட்டும் எப்போதும் அவர் வேலை. பெட்ரோல் பங்க்கில் அவர் இறங்கி, காற்று அடிக்கிறவரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார். பெட்ரோல் வாடை ஆகாத அவள், கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருப்பாள்.

அவர் போன பிறகு முதல் தடவை தனியாக அங்கே போனாள். காற்று அடிக்கிறவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

“சார் வரலையாம்மா?”

“வெளியூர் போயிருக்காரு.”

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. அடுத்த முறை, சார் இன்னும் திரும்பவில்லையா என்று கேட்டார். வேலை இழுத்துக்கொண்டே போகிறது என்றாள். அதற்கடுத்த முறை, சாரைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சரியென்று தலையாட்டிவிட்டுக் கிளம்பியவள், பாதி வழியில் காரை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்னதுகூட உறுத்தவில்லை. உலகத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் இன்னும் உயிரோடு இருந்தார். உண்மையைச் சொன்னால் அங்கேயும் போய்ச் சேர்ந்துவிடுவார்.

அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டாள். பெட்ரோலை வேறு பங்க்கில் போட்டாள். அங்கே காற்று அடிக்கிற இயந்திரம் என்றைக்குப் பார்த்தாலும் பழுது. நாளாக ஆக, கார் இடதுபக்கமாக இழுக்கத் தொடங்கியது. மெக்கானிக் டயரைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“காத்து கம்மியா ஓட்டி ஓட்டி ஓரமெல்லாம் தேஞ்சுபோச்சு. பங்க்குக்குப் போக நேரமில்லேன்னா சின்னதா ஒரு காத்து மெஷின் வாங்கி வண்டியில போட்டுக்கோங்க.”

அவள் தம்பி தொலைவில் இருந்தான். போனில் யோசனை கேட்டாள். சார்ஜ் போடுகிற வகையை வாங்கு, கைக்கு அடக்கமாக இருக்கும் என்றான். எங்களோடு வந்து இருந்துவிடேன் அக்கா என்றும் வழக்கம்போலச் சொன்னான். பார்க்கலாம் என்று வழக்கம்போலச் சொன்னாள்.

கடையில் இரண்டு வகையையும் எடுத்துக் காட்டினார்கள். சார்ஜ் போடுகிறது அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு பேட்டரியைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் கெட்டுப்போச்சு என்று அலறியடித்துக் கூப்பிடுகிற வீடுகளில் பாதி, சார்ஜ் போட மறந்த வீடுகள்தாம். எப்போதோ எடுக்கிற பொருளை யார் ஞாபகமாகச் சார்ஜ் போடுவது? காரிலேயே செருகுகிற வகையைக் கேட்டாள். கியருக்குப் பக்கத்துச் செருகுகுழியிலிருந்து பின்சக்கரம் வரை ஒரு நூலால் அளந்து கையோடு கொண்டுபோயிருந்தாள். நூலை மெஷினின் ஒயரோடு சேர்த்துப் பிடித்தபோது தாராளமாக எட்டியது. வேண்டிய அளவை வைத்துவிட்டால் தானாக நிற்குமா என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

விற்பனையாளர் பெட்டியை மூடிக்கொண்டே, “வீட்ல சார்கிட்ட குடுத்துடுங்க, அவரே பாத்துப்பாரு” என்றார்.

“வீட்ல நான் மட்டும்தாங்க.”

அவர் சரி என்று பில் போட்டார். வானம் இடிந்து விழவில்லை. அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காரியத்தை ஆரம்பித்தாள். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் அச்சாகியிருந்தது. இத்தனை வருஷம் அந்தக் கதவு வழியாக ஏறி இறங்கியும் கண்ணில் பட்டதில்லை. எஞ்சினை ஓடவிட்டு, டயரின் மூடியைக் கழற்றி, குழாயைத் திருகினாள். குழாய் சரியாக உட்காராததால், டயரில் இருந்த காற்றும் புஸ்ஸென்று போனது. மறுபடி அழுத்தித் திருகினாள். பத்தொன்பது என்று காட்டியது. முப்பத்திமூன்றில் வைத்து அழுத்தினாள். கல் அரைக்கிற மாதிரி சத்தம் போட்டபடி எண் ஒவ்வொன்றாக ஏறி, தானே நின்றது. மெஷின் சுட்டது. ஆறவிட்டு ஆறவிட்டு நான்கையும் முடித்தாள்.

அதே கையோடு மாற்று டயரான ஸ்டெப்னியையும் பார்த்துவிடலாம் என்று டிக்கியைத் திறந்தாள். தான் அடுக்கி வைத்திருந்த கருவிப் பெட்டிகளை இறக்கி, விரிப்பைத் தூக்கினாள். ஸ்டெப்னியில் காற்று சுத்தமாக இல்லை.

“எல்லாம் பாத்தாச்சுன்னு சொன்னீங்களே” என்று இல்லாத கணவரிடம் வாய்விட்டே கேட்டாள். நடுவழியில் டயர் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் இறந்த நாளிலிருந்து வராத கோபம் அப்போது வந்தது. தன்னைத் தனியாக விட்டுப்போன கோபமும் அதில் கலந்திருந்தது. அழுதுகொண்டே காற்று அடித்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பழைய பங்க்குக்குள் காரைத் திருப்பினாள். காற்று ஒன்றும் தேவையில்லை. இந்த முறை கீழே இறங்கினாள்.

“அண்ணே, சார் வெளியூர் போகலை. தவறிட்டாரு. மழைக்காலத்துலயே. சொல்ல மனசு வரலை.”

அவர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். நல்ல மனுஷன் என்றார். பிறகு, “ஸ்டெப்னிய மட்டும் ஒரு நாளும் காட்ட மாட்டாரும்மா. டிக்கியில வீட்டம்மா அடுக்கி வச்சதைக் கலைச்சா எனக்குத்தான் திட்டு விழும்னு சிரிப்பாரு” என்றார்.

அவர்கள் இருவரும் எதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பின்னால் வந்த கார் ஹார்ன் அடிக்கவே அவர் குழாயை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மூன்று வீடுகளுக்குப் போனாள். எங்கும் இதைப் பற்றிப் பேசவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்து, பையை இறக்கி வைத்துவிட்டு, அவர் உட்காருகிற நாற்காலியைப் பார்த்து, “கேட்டிருந்தா பெட்டியெல்லாம் நானே எடுத்து வச்சிருப்பேனே” என்றாள். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, ஒருத்திக்கு எவ்வளவு சமைப்பது என்று யோசித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.